நான்கெழுத்தும் தலையெழுத்தும்

"ஐயா, அழிய வேண்டும் என்பது அதன் இரத்தத்திலேயே எழுதப்பட்டிருந்தால், அதை யாரால் காப்பாற்ற முடியும்?"

பத்தாம் வகுப்பில், பாடம் முடிந்து மணியோசைக்காகக் காத்திருந்த வேளையில், கடைசி வரிசை மாணவன் ஒருவன் எழுப்பிய வினா இது. மெக்சிகோ நாட்டுக் கடலில், பத்து என்னும் அளவுக்குக் குறைந்துவிட்ட சின்னஞ்சிறு விலங்கொன்றைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். எண்ணிக்கை குறைந்தது, குறைந்ததால் உறவுக்குள்ளேயே இணைகிறது, இணைவதால் குருதி கெடுகிறது, கெட்டபின் அழிவு உறுதி — இவ்வாறு எங்கோ படித்திருந்தான் அவன். குரலில் குறும்பில்லை, கவலையே இருந்தது. தலையெழுத்து என்ற சொல்லை அவன் சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவையும் இல்லை! அந்தப் பழஞ்சொல்தான் புத்தாடை புனைந்து, ஆராய்ச்சிக் கூடத்து அங்கி அணிந்து, அவன் நாவில் வந்து அமர்ந்திருந்தது.

அன்று அவனுக்கு மறுமொழி கூற என்னால் இயலவில்லை. நான் கலை பயின்றவன், விலங்கியல் அறியாதவன். "படித்துவிட்டுச் சொல்கிறேன், தம்பி" என்று விடைபெற்றேன். படித்தேன். படித்ததன் விளைவே இத் திறனாய்வு. காவியத்துக்கும் நாடகத்துக்கும்தானே திறனாய்வு, ஆராய்ச்சிக் கட்டுரைக்குமா என்று தோழர்கள் கேட்கக்கூடும். ஏன் கூடாது? உயிர்களின் கதையை உரைக்கிறேன் என்று முன்வரும் எந்த ஏட்டையும் உரசிப் பார்க்கும் உரிமை வாசகனுக்கு உண்டு. கவிஞனை மட்டும் கேள்வி கேட்டு, விஞ்ஞானியைக் கேளாமல் கும்பிட்டு நிற்பது, பீடத்தை மாற்றிவிட்டுப் பழைய பக்தியைத் தொடர்வதாகும்.

நான் எடுத்துக்கொண்ட படைப்பு ஒரு தனி நூலன்று. 'ஜூனோமியா' என்னும் பெயரில் பல நாட்டு ஆராய்ச்சியாளர்கள் கூடி நடத்திய பெருமுயற்சி. எலினார் கார்ல்சன், கெர்ஸ்டின் லிண்ட்பிளாட்-டோ என்னும் இரு பெண்மணிகள் அதற்குத் தலைமை தாங்கினர். 240 வகைப் பாலூட்டிகளின் மரபணுத் தொகுதிகளை, எழுத்துக்கு எழுத்து, வரிசைக்கு வரிசை ஒப்பிட்டனர். பாலூட்டிக் குடும்பங்களில் நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்டவை இந்த ஒப்பீட்டில் இடம்பெற்றன. 2020-ஆம் ஆண்டு 'நேச்சர்' ஏட்டில் முதற் செய்தி வந்தது. 2023 ஏப்ரலில் 'சயின்ஸ்' ஏடு பதினொரு கட்டுரைகளை ஒருசேர வெளியிட்டது. வௌவாலும் திமிங்கலமும், யானையும் எலியும், மனிதனும் ஒரே பந்தியில், மேல் வரிசை கீழ் வரிசையின்றி அமர்த்தப்பட்ட விருந்து அது.

பெயரிலேயே ஒரு வரலாறு ஒளிந்திருக்கிறது. சார்லஸ் டார்வினின் பாட்டனார் எராஸ்மஸ் டார்வின் ஒரு மருத்துவர். அவர் 1794-லிருந்து 1796 வரை இரு பகுதிகளாக வெளியிட்ட நூலின் பெயர் ஜூனோமியா. வெப்பக் குருதி கொண்ட உயிர்களெல்லாம் ஒரே மூல இழையிலிருந்து தோன்றியிருக்கலாம் என்று, பேரன் பிறப்பதற்கு முன்பே, துணிந்து எழுதினார் பாட்டனார். 1817-இல் கத்தோலிக்கத் திருச்சபை அந்நூலைத் தடை செய்யப்பட்ட நூல்களின் பட்டியலில் சேர்த்தது. தடையிட்டவர்களின் கை ஓய்ந்தது. தடையுண்டவரின் கருத்து இரு நூற்றாண்டு கடந்து 240 உயிர்களின் சான்றோடு மன்றம் ஏறியது. பெயர் சூட்டியவர்களுக்கு நன்றியுணர்வு இருந்திருக்கிறது. பாராட்டுவோம்.

ஒப்பிடுவது என்றால் என்ன? தமிழ் பயின்றோர்க்கு இது புதிதன்று. பழஞ்சுவடிகளைப் பதிப்பித்தவர்கள் செய்த வேலைதான் இது. ஓர் ஊர்ச் சுவடியையும் மற்றோர் ஊர்ச் சுவடியையும் அருகருகே விரித்து, எந்த எழுத்து எங்கே மாறியது, எந்த அடி எங்கே விடுபட்டது என்று பாடபேதம் குறித்தனர் அவர்கள். உயிர்ச்சுவடிக்கு எழுத்து நான்கே நான்கு: ஏ, சி, ஜி, டி. மனிதனின் ஏட்டில் அந்நான்கும் மாறிமாறி முந்நூறு கோடி இடங்களுக்கு மேல் வருகின்றன. தலைமுறைதோறும் படியெடுக்கப்படுகிறது; தலைமுறைதோறும் சிற்சில பிழைகள் நேர்கின்றன.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. அந்த வேறுபாட்டில்தான் இக்கலையின் உயிர் இருக்கிறது. ஓலையில் எழுதுவோன் பிழை செய்தால் ஓலை இறந்துவிடாது. பிழையான ஏடும் பரணில் பல்லாண்டு கிடக்கும். உயிரேட்டில் இன்றியமையாத இடத்தில் பிழை நேர்ந்தாலோ, அந்த ஏட்டைத் தாங்கிய உயிரே பிழைப்பதில்லை; பிழைத்தாலும் பெருகுவதில்லை. எனவே, பத்துக் கோடி ஆண்டுகள் பிரிந்து திரிந்த பின்னும், வௌவாலின் ஏட்டிலும் மாட்டின் ஏட்டிலும் மனிதனின் ஏட்டிலும் ஓர் எழுத்து மாறாமல் நிற்கிறதென்றால், அந்த எழுத்து வாளா நிற்கவில்லை, ஏதோ வேலை செய்கிறது என்று பொருள். மாற்றியவர் மாண்டார், மாற்றாதவர் வாழ்ந்தார்.

அவ்வாறு மாறாமல் காக்கப்பட்ட எழுத்துகள் மனித ஏட்டில் குறைந்தது 33 கோடியே 20 இலட்சம், அதாவது நூற்றுக்கு 10.7 பங்கு, என்று கணக்கிட்டிருக்கின்றனர். புரதம் செய்யும் கட்டளைகள் எழுதப்பட்ட பகுதி ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்றரைப் பங்குதான். எஞ்சியதைக் 'குப்பை' என்று ஒரு காலத்தில் சிலர் ஒதுக்கித் தள்ளினர்! குப்பை என்ற இடத்தில் இத்தனை கோடி எழுத்துகள் கண்ணும் கருத்துமாகக் காக்கப்பட்டிருக்கின்றன. அவற்றுட் பலவற்றின் பணி என்ன என்பது இன்னும் விளங்கவில்லை. விளங்காததை விளங்கவில்லை என்று அவர்கள் ஒப்புக்கொண்ட நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது.

இன்னும் சில சுவைகளைத் தொட்டுவிட்டு முடிச்சுக்கு வருகிறேன். நஞ்சுக்கொடிப் பாலூட்டிகளின் கிளைகள் ஏறத்தாழப் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன், கண்டங்கள் பிளந்து விலகிய காலத்திலேயே பிரியத் தொடங்கின என்றும், 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் விண்கல் மோதி டைனோசர்கள் மாண்ட பின்னர் மீண்டுமொரு முறை கிளைத்துப் பெருகின என்றும் ஒரு கட்டுரை காலம் கணிக்கிறது. பிற உயிர்களில் காக்கப்பட்டிருந்து, மனித ஏட்டில் மட்டும் உதிர்ந்துபோன 10,032 சிறு துணுக்குகளை மற்றொன்று பட்டியலிடுகிறது. நாம் நாமானதில் பெற்றவற்றுக்கு மட்டுமல்ல, இழந்தவற்றுக்கும் பங்குண்டு போலும்! படைப்பின் மணிமுடி நாமே என்று மார்தட்டுவோர் இக்கட்டுரையை இருமுறை படிக்கலாம்.

பால்ட்டோ என்னும் நாயின் கதையும் அங்கே உண்டு. 1925-இல் அலாஸ்காவின் நோம் நகரில் தொண்டை அடைப்பான் நோய் பரவியபோது, பனிவெளியில் மருந்து சுமந்த நாய் அணிகளுள் இறுதி அணியை முன்னின்று இழுத்துச் சென்றது அது. கிளீவ்லாந்து அருங்காட்சியகத்தில் பாடம் செய்து வைத்திருந்த அதன் உடலிலிருந்து மரபணு எடுத்துப் படித்தனர். இக்காலத்து 'உயர்சாதி' நாய்களைவிட, கலப்பு மிகுந்த அந்த உழைப்பாளி நாயின் ஏட்டில் தீய பிழைகள் குறைவு என்று கண்டனர். தூய்மை தூய்மை என்று அடைத்து வளர்த்த குருதியில் நோய் மிகுந்தது. வேலைக்காகக் கலந்து வளர்ந்த குருதியில் நலம் மிகுந்தது! இதற்கு மேல் நான் விளக்கம் எழுத வேண்டுவதில்லை. இந்த ஏட்டைப் படிப்போர்க்கு விளங்கும்.

இனி முடிச்சு.

பதினொரு கட்டுரைகளில் ஒன்று, உயிரினங்களின் அழிவு அபாயத்தை மரபணு ஏட்டிலிருந்து கணிக்க முயல்கிறது. ஓர் உயிரின் உடலில் தாய் தந்த ஏடும் தந்தை தந்த ஏடும் ஆக இரு படிகள் உள்ளன. இரு படிகளுக்கும் இடையே பாடபேதம் மிகுந்திருந்தால், முன்னோர் கூட்டம் பெரிது. குறைந்திருந்தால், முன்னோர் கூட்டம் சிறிது. இப்படி ஒரே ஒரு விலங்கின் குருதித் துளியிலிருந்து, அதன் இனம் பல்லாயிரம் ஆண்டுகளாக எத்துணைப் பெருகியிருந்தது, எப்போது சுருங்கியது என்று கணிக்கும் வழியைக் கண்டிருக்கின்றனர். வியந்து நின்றேன். 240 இனங்களுக்கும் இக்கணக்கைப் போட்டுப் பார்த்து, அக்கட்டுரை கூறுவது: நெடுங்காலமாகச் சிறு கூட்டமாக வாழ்ந்த இனங்களின் ஏட்டில் தீங்கான பிழைகளின் சுமை விகிதத்தில் மிகுதி, அவ்வினங்களே இன்று அபாயப் பட்டியலில் இடம்பெறும் வாய்ப்பும் மிகுதி.

அத்துடன் நில்லாமல், போதிய விவரம் இல்லை என்று உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் தீர்ப்பளிக்காமல் நிறுத்தி வைத்திருந்த மூன்று இனங்களை — ஓர்கா திமிங்கலம், சாவகத் தீவின் சருகுமான், வட கலிலேயாவின் மண்ணுக்குள் வாழும் பார்வையற்ற எலி — எடுத்துக்கொண்டு, அபாயம் எதற்கு எவ்வளவு என்றும் மதிப்பிட்டது.

நோக்கம் நல்லது. உலகில் பாலூட்டிகள் ஆறாயிரத்துக்கும் மேல். எல்லாவற்றையும் காடு காடாய், கடல் கடலாய்த் தேடி எண்ணப் பொருளில்லை, ஆளில்லை, காலமில்லை. எதை முதலில் போய்ப் பார்ப்பது என்று தெரிந்துகொள்ள ஒரு துளிக் குருதி உதவுமானால், உதவட்டும். மருத்துவமனை வாயிலில் நோயாளிகளின் நாடியைத் தொட்டு வரிசைப்படுத்துவது போன்ற வேலை. கட்டுரையாளர்களும் இவ்வளவே கோரினர். இதற்குமேல் உரிமை கொண்டாடவில்லை. ஆனால் எழுதியவர் கோராததைப் படிப்பவர் கோருகின்றனர்! என் மாணவன் கோரினான். 'அபாயம் மிகுதி' என்ற கணிப்பு, அவன் செவியில் 'அழிவு உறுதி' என்ற தீர்ப்பாக விழுந்தது. அந்தத் தீர்ப்பு எத்துணைத் தவறு என்பதை அறிய, அவன் கேட்ட அதே விலங்கிடம் போவோம்.

வகீட்டா என்பது அதன் பெயர். ஸ்பானிய மொழியில் 'சிறு பசு' என்று பொருள். ஓங்கிலுக்கு உறவான கடற்பன்றி இனம். நீளம் ஐந்தடி அளவே. கண்ணைச் சுற்றிக் கருவளையம், உதட்டோரம் கருங்கோடு. மை தீட்டி நாணி நிற்கும் நங்கை போன்ற முகம். மெக்சிகோவின் கலிபோர்னியா வளைகுடாவின் வடகோடியைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. 1958-இல்தான் விஞ்ஞானம் அதற்குப் பெயரிட்டது. 1997-இல் 567 என்று மதிப்பிட்டனர். 2015-இல் அறுபது அளவு. 2018-இல் இருபதுக்கும் கீழ். பின்னர் வந்த கணக்குகள் பத்தை ஒட்டியே ஊசலாடுகின்றன.

எதனால் செத்தது? வேட்டையாடினரா? இல்லை. வகீட்டாவை யாரும் தேடிப் பிடிப்பதில்லை. அது யாருக்கும் வேண்டியதுமில்லை. வேண்டியது தொத்தோவாபா என்னும் பெரிய மீன். அம்மீனின் காற்றுப்பையை உலர்த்திச் சீனத்துக்குக் கடத்தினால் கொள்ளை விலை. உடலுக்கு உரம் தரும், நோய் போக்கும் என்றொரு நம்பிக்கை. செல்வர் வீட்டுப் பேழையில் பொன்போல் பூட்டி வைக்கும் பெருமை. அம்மீனைப் பிடிக்க விரிக்கும் செவுள்வலையில் வகீட்டா சிக்குகிறது. மேலே வந்து மூச்சுவிட முடியாமல் நீருக்குள்ளேயே திணறிச் சாகிறது. 1975-லேயே தொத்தோவாபா பிடிக்கத் தடை வந்தது. வகீட்டா வாழும் பகுதியில் செவுள்வலைக்கு 2015-இல் இரண்டாண்டுத் தடை, 2017-இல் நிலையான தடை. தாளில் தடை, தண்ணீரில் வலை! கடற்கரைச் சிற்றூர்களின் ஏழை மீனவர்க்கு மாற்று வாழ்வு சரிவர அமையவில்லை. இடையில் நின்ற கடத்தற்காரர்க்கோ குறைவொன்றும் இல்லை.

2017-ஆம் ஆண்டின் இறுதியில் எஞ்சியவற்றைப் பிடித்துக் காப்பிடத்தில் வளர்க்க முயன்றனர். முதலில் பிடிபட்ட இளவிலங்கு அஞ்சி நடுங்கியதால் விட்டுவிட்டனர். அடுத்துப் பிடிபட்ட பெண் விலங்கு இறந்தது. முயற்சி அத்துடன் கைவிடப்பட்டது. அந்த முயற்சியில் கிடைத்த உயிரணுக்களிலிருந்தே வகீட்டாவின் முழு மரபணு ஏடு முதன்முதலாக எழுதி முடிக்கப்பட்டது. காக்கப் போன கை கொன்றது. கொன்ற துயரத்திலிருந்து ஒரு சுவடி கிடைத்தது.

அந்தச் சுவடியை அடிப்படையாக வைத்து, 1985 முதல் 2017 வரை சேர்த்து வைத்திருந்த இருபது வகீட்டாக்களின் மாதிரிகளைப் படித்தனர் ஜாக்குலின் ராபின்சன், கிறிஸ்டோபர் கிரியாசிஸ் முதலியோர். 2022-இல் 'சயின்ஸ்' ஏட்டில் அவர்களுடைய கட்டுரை வந்தது. ஜூனோமியாவின் கட்டுரைகளுக்கு ஓராண்டு முந்தியது. ஆனால் அவற்றுக்கு உரையாகப் படிக்க வேண்டியது என்பது என் கருத்து.

அவர்கள் கண்டது என்ன? வகீட்டாவின் ஏட்டில் பாடபேதம் மிக மிகக் குறைவு. ஆம், மாணவன் படித்தது அவ்வளவில் உண்மை. ஆனால் இந்தக் குறைவு நேற்று வலையால் வந்த குறைவன்று! ஏறத்தாழ இரண்டரை இலட்சம் ஆண்டுகளாகவே வகீட்டா சில ஆயிரங்களாக மட்டும், சிறு கடலின் சிறு குடியாக, வாழ்ந்து வந்திருக்கிறது. அத்தனை காலமும் நலமாகவே வாழ்ந்திருக்கிறது. ஏட்டில் பேதம் குறைந்திருப்பது அதன் நோயன்று, இயல்பு.

பின்னர் கணினியில் ஒப்பனைக் கடல் ஒன்றைப் படைத்து, பத்து விலங்குகளை அதில் விட்டு, ஐம்பது ஆண்டுகள் ஓடவிட்டுப் பார்த்தனர். ஒருமுறையல்ல, பன்முறை. வலையில் சாவது அறவே நின்றால், அழியும் வாய்ப்பு நூற்றுக்கு ஆறு. வலைச்சாவு பத்தில் ஒரு பங்காகக் குறைந்தால், நூற்றுக்கு இருபத்தேழு. ஐந்தில் ஒரு பங்காக மட்டும் குறைந்தாலோ, நூற்றுக்கு அறுபத்திரண்டு! அதே விலங்கு, அதே குருதி, அதே நான்கெழுத்து. மாறியது வலை மட்டுமே.

இங்கே கூர்ந்து படிப்போர் ஒரு தடையை எழுப்புவர், நானும் எழுப்பினேன். நெடுங்காலம் சிறு கூட்டமாய் வாழ்ந்த இனத்துக்குத் தீச்சுமை மிகுதி என்கிறது ஜூனோமியா. நெடுங்காலம் சிறு கூட்டமாய் வாழ்ந்ததே வகீட்டாவின் நல்வாய்ப்பு என்கிறது இக்கட்டுரை. இரண்டில் ஒன்று பொய்யா?

இரண்டும் மெய்யே. தீய பிழைகளில் இருவகை உண்டு. ஒரு படியில் மட்டும் இருந்தால் மறைந்து கிடந்து, தாய்வழி தந்தைவழி இரு படியிலும் கூடினால் கொல்லும் கொடும்பிழை ஒருவகை. உடனே கொல்லாமல் சிறிது சிறிதாகத் தளர்த்தும் மென்பிழை மற்றொரு வகை. பெருங்கூட்டத்தில் கொடும்பிழை ஒளிந்து வாழும். உறவல்லாதவர் இணையும்போது அது இரு படியிலும் கூடுவது அரிது. சிறு கூட்டத்தில் அதற்கு ஒளிய இடமில்லை. தலைமுறைதோறும் வெளிப்படும், வெளிப்பட்டபோதெல்லாம் தாங்கிய உயிரோடு கழிந்துபோகும். ஆனால் மென்பிழையைக் களைய இயற்கைத் தேர்வுக்குச் சிறு கூட்டத்தில் வலுவில்லை, தற்செயல் வென்றுவிடும், மென்பிழை நிலைத்துவிடும். ஜூனோமியா கண்ட சுமை நிலைத்துவிட்ட பிழைகளின் சுமை. வகீட்டாவில் குறைந்திருந்தது கொடும்பிழை. முன்னது பல இனங்களின் சராசரி. பின்னது ஓர் இனத்தின் வரலாறு.

குருதிக்குக் கேடே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. அவ்வாறு சொன்னால் அதுவும் ஒரு மூடநம்பிக்கையாகிவிடும். அமெரிக்காவின் சுபீரியர் ஏரியில் ஐல் ராயல் என்றொரு தீவு. 1940-களின் இறுதியில் உறைந்த ஏரியின் மீது நடந்து ஓநாய்கள் அங்கே குடியேறின. பெருங்கூட்டத்திலிருந்து வந்தவை, தம் ஏட்டில் மறைந்த கொடும்பிழைகளையும் சுமந்து வந்தவை. தீவுக்குள் அடைபட்டு உறவுக்குள் இணைய இணைய, மறைந்தவை வெளிப்பட்டன. முதுகெலும்பு கோணிய குட்டிகள் பிறந்தன. 2016-இல் எஞ்சியவை இரண்டே. அவையும் தந்தையும் மகளும்! பிறகு 2018, 2019-ஆம் ஆண்டுகளில் வெளியிலிருந்து 19 ஓநாய்களைக் கொண்டுவந்து விட்டனர்.

புளோரிடா பூமாவின் கதையும் இத்தகையதே. 1990-களின் தொடக்கத்தில் முப்பதுக்கும் குறைவாகச் சுருங்கி, வால் வளைந்து, இதயம் பழுதாகி, ஆண்மை குன்றிய நிலையில் இருந்தது. 1995-இல் டெக்சாஸிலிருந்து எட்டுப் பெண் பூமாக்களைக் கொணர்ந்து விட்டனர். ஐந்து ஈன்றன. அவ்வளவே, கூட்டம் மூன்று மடங்காய்ப் பெருகியது. கலந்தால் கெடும் என்று சொல்வோர் அக்குட்டிகளைப் போய்ப் பார்க்கட்டும்.

நம் நாட்டுப் புலிகளிடமும் இரண்டும் உண்டு. தனித்துவிடப்பட்ட சிறு கூட்டத்துப் புலிகளில் கொடும்பிழைகள் ஓரளவு கழிந்திருக்கின்றன, ஆயினும் கழியாமல் எஞ்சியவை பல புலிகளிடம் பரவி நிற்கின்றன என்று 2021-இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டியது. அவற்றுக்கு வேண்டியது காட்டுக்கும் காட்டுக்கும் இடையே வழி.

ஓநாய்க்கு வேண்டியது புதுக்குருதி. வகீட்டாவுக்கு வேண்டியது வலையில்லாத கடல். எதற்கு எது வேண்டும் என்று பிரித்தறிய உதவும்போது மரபணு ஒப்பீடு மருந்து. எல்லாவற்றுக்கும் ஒரே வாய்பாடு எழுதி, 'இது பிழைக்கும், இது பிழைக்காது' என்று முத்திரை குத்தப் பயன்படும்போது, அது நாடி சோதிடம்.

ஆகவே ஜூனோமியாவின் அபாயக் கணிப்பின்மீது என் குறைகளைச் சொல்லியே ஆகவேண்டும். பெரும்பாலும் இனத்துக்கு ஒரு விலங்கின் ஏடே அங்கே சான்று. ஓர் ஊர் மனிதர் ஒருவரை மட்டும் கேட்டு ஒரு நாட்டின் குறையை எழுதுவது போன்றது அது. ஊரறிந்தவர் அவர் என்றால் சரி. ஊரைவிட்டு ஒதுங்கி வாழ்ந்தவர் என்றால்? இதனினும் பெரிது மற்றொன்று. கணினிக்குப் பாடம் கற்பிக்க அவர்கள் தந்த விடைத்தாள் எது? எந்த இனம் அபாயத்தில் உள்ளது என்னும் உலகப் பட்டியல். அப்பட்டியலில் ஓர் இனம் ஏன் ஏறுகிறது? காட்டை வெட்டினர், ஏறியது. துப்பாக்கி தூக்கினர், ஏறியது. வலை விரித்தனர், ஏறியது. 'அபாயம்' என்பது விலங்கின் உடலில் உள்ள குணமன்று. விலங்குக்கும் நமக்கும் இடையே நடப்பது. அதை விலங்கின் ஏட்டில் தேடினால், கொலையின் காரணத்தைக் கொலையுண்டவரின் சாதகத்தில் தேடுவதாய் முடியக்கூடும். பழங்கால ஏடு சிறிதளவு சொல்லும், மறுக்கவில்லை. இன்றைய வலையைப் பற்றி அது ஒரு வார்த்தையும் சொல்லாது. இரண்டரை இலட்சம் ஆண்டு வரலாற்றில் அந்த வலை வந்தது நேற்றுத்தான்!

இதைச் சொல்லும்போது கட்டுரையாளர்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதாக எவரும் எண்ணவேண்டா. தம் கணிப்பு முதற்படிதான், களத்தில் சென்று காண்பதற்கு ஈடன்று என்பதை அவர்கள் அறிந்தே எழுதினர். என் வழக்கு வேறு. 'அது எப்படியும் அழியும்' என்ற சொற்றொடர் யாருக்குப் பயன்படுகிறது என்று பாருங்கள். எப்படியும் அழிவதற்கு ஏன் செலவிட வேண்டும் என்று கேட்கும் அரசுக்குப் பயன்படுகிறது. எப்படியும் அழிவதற்காக ஏன் வலையைச் சுருட்ட வேண்டும் என்று கேட்கும் வணிகனுக்குப் பயன்படுகிறது. வகீட்டாவுக்கு மட்டும் பயன்படுவதில்லை. குடிசை எரிந்தபின், அது எரிய வேண்டும் என்பது விதி என்று கூறிவிட்டால், கொள்ளி வைத்தவனைத் தேடவேண்டிய வேலை மிச்சம் அன்றோ? முன்பு அந்த உதவியைப் பஞ்சாங்கம் செய்தது. நான்கெழுத்தையும் அந்த வேலைக்கு அமர்த்திவிடாதீர் என்பதே என் விண்ணப்பம்.

வரலாறும் அந்தச் சொற்றொடரைப் பொய்யாக்கியிருக்கிறது. வடபகுதி யானைச் சீல்களை எண்ணெய்க்காகக் கொன்று குவித்து, 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சில பத்துகளாகக் குறைத்துவிட்டனர். அவற்றின் ஏட்டிலும் பாடபேதம் மிகக் குறைவு. கொலை நின்றது. இன்று இலட்சத்துக்கும் மேல் பெருகிக் கலிபோர்னியக் கடற்கரைகளில் கிடந்து உறுமுகின்றன.

சென்ற வாரம் மீண்டும் அதே வகுப்பு. மூன்று எண்களைக் கரும்பலகையில் எழுதினேன்: 6, 27, 62. எதனால் மாறின என்று கேட்டேன். சிறிது நேரம் பார்த்திருந்துவிட்டு, "வலையால், ஐயா" என்றான் கடைசி வரிசை மாணவன். உடனே அடுத்த வினாவையும் தொடுத்தான்: "அந்த மீனவர்கள் வலையைச் சுருட்டிவிட்டால் எதைச் சாப்பிடுவார்கள்?"

அதற்கு ஜூனோமியாவில் விடை இல்லை. இருபது வகீட்டாக்களின் ஏட்டிலும் இல்லை. வகீட்டா சிக்காத வேறுவகை வலைகளைச் சோதித்துப் பார்த்திருக்கின்றனர் என்பதையும், அவற்றுக்கு மாறும் மீனவர்க்குப் போதிய உதவி கிட்டவில்லை என்ற முறையீடு உண்டு என்பதையும், 2022-இல் மெக்சிகோக் கடற்படை வலைகளைச் சிக்கவைக்கும் கொக்கி பொருத்திய கான்கிரீட் கட்டைகளைக் கடலடியில் இறக்கியது என்பதையும் சொன்னேன். 2023-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், எஞ்சிய அந்தச் சிறு கூட்டத்தினிடையே, தாயின் பக்கத்தில் கன்றும் நீந்தக் கண்டனர் என்பதையும் சொன்னேன். மணி அடித்தது. எண்களை அழிக்கவேண்டா, நாளை வரை பலகையில் இருக்கட்டும் என்றான் அவன்.